தேரூர் குளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈர்ப்பு விசையை அளந்து ஏரிகளின் அடிநிலத்தை அறிவது பற்றிப் போன ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் ஈர்ப்பு குறைந்தால் அடியில் குகை இருக்கிறது என்று எழுதியிருந்தது சரியில்லை. அங்கே கனம் குறைவு என்றுதான் அதற்கு அர்த்தம். ஏரிப் பள்ளங்களில் பெரும்பாலும் அதற்குக் காரணம் காலங்காலமாக வந்து படிந்த வண்டலும் களியும்தான்.

எங்கள் வீடு தேரூரில், குளத்துக்குப் பக்கம். (எங்கள் ஊர்ப்பக்கம் ஏரி என்று சொல்வது குறைவு, எல்லாம் குளம்தான்.) நாலு வருஷம் முன்னால் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டபோது கூடவே நின்றேன். முதல் 30 அடி கறுப்புக் களி, அப்புறம் சத்தமே மாறி சாம்பல் நிறத்தில் பாறைத்தூள் பறந்தது. பக்கத்து வீட்டிலோ 70 அடி வரை களிதான். மேலே தரை சமம், அடியில் பாறை ஏறி இறங்கிக் கிடக்கிறது. பாறை தண்ணீரைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு கனம், ஈரக்களி 2 மடங்குக்குப் பக்கம். களி ஆழமாக இருக்கும் இடத்தில் ஈர்ப்பு கொஞ்சம் குறையும்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கட்டுரை சொல்லவே இல்லை. 30 மீட்டர் களிக்கு ஏறத்தாழ 1 மில்லிகல் (ஈர்ப்பை அளக்கும் அலகு), அதாவது மொத்த ஈர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 60 கிலோ ஆளின் எடையில் இரண்டு மூன்று அரிசி குறைந்தது போல. கருவி அதையும் பிடித்துவிடும், ஆனால் அது நிற்கும் இடம் ஒரு மீட்டர் உயர்ந்தாலே 0.3 மில்லிகல் குறையும் என்பதால் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் சென்டிமீட்டர் கணக்கில் எடுக்க வேண்டும், பக்கத்து மலையின் இழுப்பையும் தண்ணீரின் ஆழத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் ஈர்ப்பு மட்டும் முழு விடை தராது, ஏனென்றால் களியின் கனத்தைக் கொஞ்சம் மாற்றிக் கணக்கிட்டாலே பாறையின் ஆழமும் மாறிவிடும். நாலு இடத்திலாவது துளையிட்டுச் சரிபார்க்க வேண்டும். 1,642 மீட்டர் ஆழமுள்ள பைக்கால் ஏரிக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் படிவு கிடக்கிறது, அங்கேயும் ஈர்ப்போடு, அதிர்வை உள்ளே அனுப்பி அது திரும்பி வருவதை அளக்கும் நிலஅதிர்வு அளவீடும் தேவைப்பட்டது.

குளத்தில் தூர்வார வேண்டிய வண்டலை அளக்க இதெல்லாம் வேண்டாம், இரண்டு மீட்டர் வண்டலுக்குக் குத்திப் பார்க்க ஒரு கழியே போதும். நான் கேட்பது வேறு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளை எண்ணுகிறோம், அடியில் இருக்கும் பாறையின் வடிவத்தையும் பார்க்க வேண்டாமா? பழையாறு ஒரு காலத்தில் இந்தக் களிக்கு அடியில் எங்காவது ஓடியதா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து குளம் வற்றும்போது கரையிலும் காய்ந்த தரையிலும் அளக்கலாம். மாவட்டத்தில் இருக்கும் கல்லூரிகள் ஏதாவது ஒன்று முன்வந்தால், எங்கள் தெருவில் யார் வீட்டு போர் எத்தனை அடியில் பாறையைத் தொட்டது என்ற கணக்கை நானே வீடு வீடாகக் கேட்டு எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேரூர், கன்னியாகுமரி மாவட்டம்.