வெள்ளம் வடிந்த அன்றே பம்புடன் கிணற்றுக்கு ஓட வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

மாரி நெருங்குகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரப் பிரதேசங்களிலும் விளையாட்டுக் கழகங்கள், கோயில் பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நலன்புரிச் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எல்லாம் வழமைபோல் அரிசி, பருப்பு, பாய் என்று சேர்க்கத் தொடங்கிவிடும். சமைத்த சாப்பாடு கொடுக்க எங்கள் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் வந்தபோது இதை ஊரே பார்த்தது. தண்ணீர் வடிந்த பிறகு கிணறு துப்புரவாக்குகிற வேலைக்குத்தான் ஆள் போதாது. வருகிறவர்களும் ஆர்வத்தில் செய்கிற சில காரியங்கள் கிணற்றையே கெடுத்துவிட்டுப் போகின்றன. இம்முறை களத்தில் இறங்கப்போகும் இளைஞர்களுக்காகவும் அவர்களை அனுப்பப்போகும் சங்கங்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முற்றத்துத் தண்ணீர் இறங்கிய அன்றே பம்பைப் போட்டு இறைப்பதுதான் முதல் தவறு. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணல் தரையில் அந்த நேரம் நிலத்தடி நீர் தரைமட்டத்தை ஒட்டியே நிற்கும். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள அழுக்குத் தண்ணீர்தான் மணலூடாக உள்ளே வரும். மலசலகூடக் குழியில் நிற்பதும் அதோடு சேர்ந்து வரும். பக்கத்துக் காணிகளிலும் வடிகானிலும் தண்ணீர் தேங்கி நிற்கும்வரை கிணற்றைத் தொடாமல் விடுங்கள். மாரியில் தண்ணீர் வழமையாக எத்தனையாவது வளையத்தில் நிற்கும் என்று வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். அந்த அளவுக்கு இறங்கிய பிறகே வேலை. அதுவரை குடிக்கப் பவுசர் தண்ணீர். அது வராத இடத்தில் கலங்கலைத் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடித்து, நன்றாகக் கொதி வந்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவைத்த தண்ணீர். இந்த இடைவெளியில் தொண்டர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீடு வீடாகப் போய்க் கிணறுகளைக் குறிக்கலாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

இரண்டாவது தவறு அளவுக்கு மீறி இறைப்பது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியபோது, இறைத்தால் உப்புப் போய்விடும் என்று நினைத்து ஒரே கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். ஒரு சங்கம் இறைத்துவிட்டுப் போனது தெரியாமல் அடுத்த வாரம் இன்னொன்று வந்து இறைத்ததும் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் மணல் திடலில் நல்ல தண்ணீர் என்பது, தயிரின் மேல் ஆடை படிந்ததுபோல, உப்புத் தண்ணீரின் மேல் நிற்கும் ஒரு படை. அதை வேகமாக எடுத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறும். அடிமணல் கரைந்து வளையம் சரிந்த கிணறுகளும் இருந்தன. இந்தக் கிணறுகளை அப்போது ஆராய்ந்த நீர்வள ஆய்வாளர்கள் சொன்னதும் இதைத்தான்: அழுக்கை அகற்ற ஒருமுறை இறையுங்கள், உப்பை மழை கழுவட்டும். கடலுக்குக் கிட்டிய ஊர்களில் இப்போதும் இதுவே விதி.

இனி இறைக்கிற விதம். கணக்கு எளிது. குறுக்களவை மீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தாலும் பெருக்கி, கடைசியில் 785ஆல் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். குறுக்களவு 1.5 மீற்றர், ஆழம் 2 மீற்றர் என்றால் ஏறத்தாழ 3,500 லீற்றர். இரண்டு அங்குலப் பெற்றோல் பம்ப் முழு வேகத்தில் இதைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடும். அந்த வேகந்தான் சுவரைச் சரிக்கிறது: உள்ளே தண்ணீர் சட்டென்று இறங்கிவிட, வெளியே ஊறிய மண்ணின் பாரம் வளையத்தைத் தள்ளுகிறது. ஆகவே வேகத்தைக் குறைத்து ஓடவிடுங்கள். உறிஞ்சும் குழாயின் முனையில் சல்லடை இருக்க வேண்டும்; முனை அடியில் முட்டாமல் ஒரு அடி மேலே நிற்கும்படி கயிற்றில் கட்டுங்கள். வெளியே விழும் தண்ணீரில் மணல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். மீதியை வாளியால் அள்ளலாம். வெளியேற்றும் குழாய் குறைந்தது முப்பது மீற்றர் தள்ளிப் போக வேண்டும், பள்ளமான பக்கமாக. பக்கத்து வீட்டுக் கிணற்றுப் பக்கமாக அல்ல. கிணற்றடியிலேயே ஊற்றினால் அதே தண்ணீர் மணலில் இறங்கித் திரும்பவும் கிணற்றுக்குள் வரும்.

பம்பைக் கிணற்றுக்குள் பலகை போட்டு இறக்குகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பெற்றோல் இயந்திரத்தின் புகையில் உள்ள காபன் மோனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே நிற்பவர் மயங்கி விழுவார். தூக்க இறங்குபவரும் விழுவார். மெழுகுதிரியை இறக்கிப் பார்த்தால் இந்த வாயு தெரியாது, திரி எரிந்துகொண்டேதான் இருக்கும். பம்ப் தரையில், காற்று கிணற்றிலிருந்து பம்பை நோக்கி வீசும் பக்கத்தில் நிற்கட்டும். ஆள் இறங்குவதென்றால் பம்பை நிறுத்தி, காற்றோடவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே கயிற்றைப் பிடிக்க இருவர் நிற்க வேண்டும். இறங்குமுன் டோர்ச் அடித்து வளைய இடுக்குகளைப் பாருங்கள். வெள்ளத்துக்குப் பிறகு பாம்பு கிடக்கிற இடம் அது.

சேறு, சருகு, மிதந்து வந்த பொலித்தீன் எல்லாம் அள்ளியபின் உட்சுவரைத் தூரிகையால் குளோரின் கரைசல் தொட்டுத் தேய்க்க வேண்டும். கிணற்றடிச் சீமெந்து வெடித்திருந்தால் அதைப் பூசாமல் குளோரின் மருந்து போடுவதில் பயனில்லை. ஊற்றும் தண்ணீர் வெடிப்பு வழியே நேரே உள்ளேதான் போகும்.

மருந்தில்தான் அதிகம் பிழை நடக்கிறது. சிலர் கண்ணளவாக ஒரு சிரட்டை தூளைக் கலங்கிய தண்ணீரில் வீசிவிட்டுப் போகிறார்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் சேற்றோடு சேர்ந்தே செலவாகிவிடும், கிருமியும் சேற்றுத் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். புதுத் தண்ணீர் ஊறித் தெளிந்த பிறகே போட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடம் (பிஎச்ஐ) கிடைக்கும் ரி.சி.எல். என்ற குளோரின் தூளில் புதிதாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு அளவே குளோரின் உண்டு. பத்து லீற்றர் தண்ணீருக்கு இதில் 67 கிராம், அதாவது 70 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 65 முதல் 70 வீதம் உள்ள வலுவான தூள் என்றால் 30 கிராம் போதும். இந்தப் பத்து லீற்றர் கரைசல் கிணற்றின் ஆயிரம் லீற்றருக்கு உரியது. மேலே சொன்ன கிணற்றுக்கு 35 லீற்றர் கரைசல், ரி.சி.எல். தூள் கணக்கில் 235 முதல் 245 கிராம் வரும். சுவர் தேய்க்கவும் இதே கரைசல்தான். பொதியில் எழுதியிருக்கும் வீதத்தைப் பார்க்காமல் நிறுக்காதீர்கள். இரண்டு தூளும் பார்க்க ஒன்றுபோல வெள்ளையாகத்தான் இருக்கும்.

கடைத் தராசில் அன்று காலை நிறுத்துக் கொண்டுபோவது நல்லது. முதல் நாளே சின்னப் பைகளில் கட்டிவைத்தால் ஈரம் பட்டு வலு குறையும். போன வருடத்து மீதி, வாய் திறந்து கிடந்த சாக்கு, கட்டியாகிப் போனது எதையும் நம்ப முடியாது. கரைப்பது பிளாஸ்டிக் வாளியில். தகர வாளி அரித்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு தூள். கையுறையும் முகமூடியும் போட்டு, காற்று முதுகில் படும்படி நின்று கலக்குங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் கிணற்றில் சுற்றி ஊற்றி, வாளியைக் கயிற்றில் விட்டு மேலும் கீழுமாகக் கலக்குங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு இந்தத் தூள் எந்த நிலையிலும் சேரக் கூடாது. நச்சுப் புகை வரும். இரண்டையும் ஒரே பெட்டியில் ஏற்றி அனுப்புகிற சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரை மணித்தியாலம் கழித்து, தண்ணீரில் மீதமுள்ள குளோரினைக் காட்டும் டி.பி.டி. குளிசையால் சோதித்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். லீற்றருக்கு 0.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மீதிக் குளோரின் இருந்தால் வேலை சரி. நிறமே வராவிட்டால் அழுக்கு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மேலும் தூளைக் கொட்டாமல், திரும்பத் துப்புரவாக்கி முழு அளவையும் மறுபடி போட வேண்டும். பின்னேரம் போட்டுக் காலைவரை கிணற்றை மூடி வைப்பது வீட்டுக்காரருக்கும் வசதி. மணம் கடுமையாக இருந்தால் தணியும்வரை பாவிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் வந்தால் அவர்கள் பயந்து திரும்ப முழுக்க இறைத்துவிடுவார்கள்.

ஒருமுறை மருந்து போட்ட கிணறு என்றைக்கும் நல்ல கிணறு ஆகிவிடாது. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து இருபது அடித் தூரத்தில் இருந்தால் ஓரிரு நாளில் நிலைமை பழையபடி ஆகும். அந்த வீட்டுக்குக் கிணற்று மருந்தைவிடக் கொதிக்கவைக்கச் சொல்லும் அறிவுரைதான் பெறுமதி. இதைச் சொல்ல மாதர் சங்கத்தினர் கூட வருவது மிகவும் உதவும்; தண்ணீரை அள்ளுகிறவர்களும் கொதிக்கவைக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். பம்ப் பிடிக்கிற இளைஞர் நால்வர் குசினி வாசலில் நின்று பேசுவதைவிட அவர்கள் சொன்னால் எடுபடும்.

ஒழுங்குபடுத்தல் இல்லாவிட்டால் இவ்வளவு தெரிந்தும் பலனில்லை. பிரதான வீதியோர ஊர்களுக்கு மூன்று நான்கு குழுக்கள் பதாகையோடு வரும். கிரான் புலிபாய்ந்தகல் பக்கமும் வெல்லாவெளி, மண்டூர் உட்புறமும் பாதை மூழ்குவதால் ஒருவரும் போகார். மாரிக்கு முன்பே ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவிலும் கிணற்றுப் பட்டியல் ஒன்று வேண்டும்: இலக்கம், குறுக்களவு, ஆழம், மலசலகூடத் தூரம், கட்டின் நிலை, வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ உண்டா என்பது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான ஒரு சாதாரணக் கொப்பி போதும். இலக்கத்தைக் கிணற்றுக் கட்டில் பெயின்றால் எழுதுங்கள். துப்புரவாக்கிய திகதியையும் போட்ட தூளின் அளவையும் அதன் கீழேயே எழுதினால் அடுத்து வரும் குழு திரும்ப இறைக்காது. பிரதி ஒன்று கிராம சேவகரிடமும் ஒன்று பிஎச்ஐயிடமும் இருக்கட்டும். வெளியூரிலிருந்து உதவ வரும் சங்கங்கள் முதலில் பிரதேச செயலகத்தில் சொல்லி, எந்தப் பிரிவு காலியாக இருக்கிறது என்று கேட்டுப் போக வேண்டும். புதிதாகச் சங்கம் தொடங்குகிறவர்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவைப் பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம். ஆனால் நான்கு பேர் சேர்ந்து ஊருக்குள் கிணறு தேய்க்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

குழுவுக்கு ஆறு பேர் அளவானது: பம்புக்கு இருவர், தேய்க்க இருவர், மருந்துக்கு ஒருவர், கொப்பிக்கு ஒருவர். மருந்து கலப்பவரை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள். எல்லோருக்கும் முழங்கால் உயரச் சப்பாத்து அவசியம். காலில் காயமுள்ளவர் அன்று கொப்பி எழுதட்டும், ஏனென்றால் எலிக்காய்ச்சல் அந்தக் காயம் வழியாக எளிதில் வரும். தடுப்புக் குளிசையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பிறகு காய்ச்சல், தசைநோவு, கண்சிவப்பு வந்தால் வெள்ளத்தில் வேலை செய்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

உழவு இயந்திரத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தைப் புரட்டி மாணவர்களைக் கொண்டுபோனதை எவரும் மறந்திருக்க முடியாது. வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது என்றால், சக்கரம் எவ்வளவு உயரமானாலும் அதற்குள் இறக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துப் படகு கேட்கலாம், அல்லது அடுத்த நாள் போகலாம். கிணறு ஒருநாள் பொறுக்கும்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. ஐப்பசி முடிவதற்குள் ஒவ்வொரு பிரதேச சபையும் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி, ஒவ்வொரு கழகத்திலிருந்தும் இருவரை அழைத்து, பிஎச்ஐ ஒருவரைக் கொண்டு ஒரு உண்மையான கிணற்றடியில் அளந்து, இறைத்து, மருந்து கலந்து காட்டட்டும். மண்டபத்துக்குள் விரிவுரை வேண்டாம். சபையிடம் உள்ள பம்ப்களை அன்றைக்கே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வருடம் முழுக்கக் களஞ்சியத்தில் கிடந்த இயந்திரத்தில் பழைய பெற்றோல் பிசினாகி, தேவைப்படும் நாளில்தான் அது இயங்க மறுக்கும்.

இப்படிக்கு,
ஊர்ச் சங்கங்களோடு கிணறு துப்புரவுப் பணியில் ஈடுபடும் சிலர்,
களுவாஞ்சிக்குடி.