ஒரே ஸ்டேஷனில் நிற்கும் தொழிற்பழகுநர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் தொழிற்சாலைகளில் பொறியியல் தொழிற்பழகுநர்களாகச் சேரும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அவர்கள் பெறும் உதவித்தொகையையும் அதன் பின் நிரந்தர வேலை கிடைக்கும் வாய்ப்பையும் விரிவாகப் பேசியது. அவை இரண்டும் முக்கியம்தான். ஆனால் பயிற்சிக் காலத்தில் அவர்கள் எதைக் கற்கிறார்கள் என்பது ஓரிரு வரிகளில் முடிந்துவிட்டது. கார் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் தொழிற்பழகுநராக இருந்து, இன்று புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

வண்டிகள் வரிசையாக நகர நகரப் பாகங்கள் பொருத்தப்படும் அசெம்பிளி லைனில், குறிப்பிட்ட ஒரு வேலை மட்டும் நடக்கும் இடமான ஸ்டேஷனுக்கு ஒரு வண்டிக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியே இருக்கும். இருக்கைக்கான போல்ட்டுகளை முடுக்கும் ஸ்டேஷனில் ஒரு தொழிற்பழகுநரை நிறுத்தினால், கருவியை எடுப்பது, பொருத்துவது, பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்த வண்டிக்குத் திரும்புவது ஆகியவற்றை அவர் சில நாட்களில் பழகிக்கொள்வார். அதன் பிறகு அவருக்குக் கூடுவது வேகம் மட்டுமே. அந்தப் பச்சை விளக்கு, குறித்த அளவு முறுக்குவிசை (போல்ட்டைத் திருகும் விசை) எட்டப்பட்டது என்று சொல்கிறதே ஒழிய, போல்ட் தேவையான அளவுக்கு இறுகியிருக்கிறது என்று சொல்வதில்லை. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பாதி, போல்ட் தலையின் அடியில் ஏற்படும் உராய்விலும், சுமார் 40 விழுக்காடு மரைகளின் (திருகுப் பள்ளங்களின்) உராய்விலும் செலவாகிவிட, பாகங்களை உண்மையில் இறுக்கிப் பிடிக்கப் பயன்படுவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே மரையில் எண்ணெய் பட்டிருந்தால், அதே முறுக்குவிசையில் போல்ட் மிக அதிகமாக இழுபட்டுவிடும். எங்களுக்குப் பயிற்சி அளித்த மூத்த பணியாளர், உலர்ந்த போல்ட் ஒன்றையும் எண்ணெய் பூசிய போல்ட் ஒன்றையும் ஒரே அளவுக்கு முடுக்கச் சொல்லி, விசையை அளக்கும் கருவியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினார். உராய்வைப் பற்றிய பாடத்தைக் கல்லூரியில் படித்துத் தேறியிருந்த எங்களுக்கு, அது வண்டியில் எங்கே இருக்கிறது என்பது அன்றுதான் விளங்கியது.

காரின் உடற்கூட்டை உருவாக்கும் பாடி ஷாப்பிலும் இதே கதைதான். ஒரு காரின் உடற்கூட்டில் ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகள், அதாவது மின்னோட்டத்தின் வெப்பத்தால் தகடுகளை ஒட்டவைக்கும் புள்ளிகள், உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை ரோபோக்களே போடுகின்றன. தகடுகளை எடுத்துப் பொருத்தும் இடத்தில் மட்டும் நிற்பவருக்கு, ரோபோ எப்போதும் சரியாகவே வேலை செய்யும் என்ற எண்ணம் வந்துவிடும். உண்மையில், வெல்டு போடப் போட, தகடுகளை அழுத்தி மின்னோட்டம் செலுத்தும் ரோபோவின் செம்பு முனை மழுங்கி அகன்றுகொண்டே போகும். அகன்ற முனையில் அதே மின்னோட்டம் கூடுதல் பரப்பில் பரவுவதால் வெப்பம் குறைந்து, வெளிப்பார்வைக்கு நன்றாகத் தெரியும் வெல்டு உள்ளே வலுவில்லாமல் போய்விடும். அதற்காகத்தான் முனையை அவ்வப்போது சீவுகிறார்கள்; உளியால் தகடுகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனையும் செய்கிறார்கள். உளிச் சோதனையை ஒரு முறையாவது தன் கையால் செய்து பார்த்தவருக்கு வெல்டு பற்றித் தனிப் பாடம் தேவைப்படாது. பெயின்ட் ஷாப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முதல் பாடமும் தூசி, கடைசிப் பாடமும் தூசி.

என் கருத்தில், ஒரு தொழிற்சாலையின் மிகச் சிறந்த வகுப்பறை, குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்யும் ரீவொர்க் பகுதிதான். நீர்த்தெளிப்புச் சோதனையில் ஒழுகிய வண்டி ஒன்று அங்கு வந்தால், நீர் எந்த வழியாக இறங்கியது, அது கதவு ரப்பரின் குறையா, இடைவெளியை அடைக்கும் சீலன்ட் விடுபட்டதா, தகடு பொருந்தாததா என்று பின்னோக்கித் தேடிச் செல்ல வேண்டியிருக்கும். அந்தத் தேடல் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பிலுள்ள டை என்ற அச்சு வரைக்கும் போவதுண்டு. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த பொறியாளர் தயீச்சி ஓனோ வலியுறுத்திய, ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கும் பழக்கம் சுவரில் ஒட்டிய தாளிலிருந்து வருவதில்லை. இத்தகைய வண்டி ஒன்றின் முன் நிற்கும்போதுதான் வருகிறது. ஆனால் பல தொழிற்சாலைகளில் தொழிற்பழகுநர்கள் இந்தப் பகுதியை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்த ஹென்றி ஃபோர்டு, சுமார் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பூட்டும் வேலையைச் சில மாதங்களில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தார். வேலையைச் சிறு துண்டுகளாக்கி, யாரும் விரைவில் பழகும்படி செய்ததால்தான் அது முடிந்தது. அதே ஃபோர்டு 1916-இல் தம் பெயரில் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கி, மாணவர்களை வகுப்பறையிலும் பட்டறையிலும் மாறி மாறிப் பயில வைத்தார். லைனை ஓட்டத் துண்டு வேலை போதும், ஆனால் லைனை உருவாக்கவும் பழுது பார்க்கவும் முழுத் தொழிலும் தெரிந்தவர்கள் வேண்டும் என்ற தேவையைத்தான் அந்தப் பள்ளி காட்டுகிறது. இன்று தொழிற்பழகுநர் என்ற பெயரில் ஆள் எடுத்து, லைனில் உள்ள காலியிடத்தை நிரப்பும் நிறுவனங்கள் முதல் பாதியை மட்டும் பின்பற்றுகின்றன.

லைனை நிறுத்திப் பாடம் நடத்த முடியாது, பயிற்சி பெற்றவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார் என்று நிர்வாகங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் ரீவொர்க், பராமரிப்பு, அளவீட்டு அறை ஆகியவற்றுக்கு மாற்றி மாற்றி அனுப்ப லைனை நிறுத்த வேண்டியதில்லை. ஜெர்மனியில் வாகன மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த தொழில்) பயிற்சி, தொழிற்சாலையும் தொழிற்பள்ளியும் சேர்ந்து நடத்தும் மூன்றரை ஆண்டுப் பயிற்சியாக இருக்கிறது. ஓராண்டு மட்டுமே கிடைக்கும் இடத்தில், அந்த ஓராண்டை ஒரே ஸ்டேஷனில் கழிப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. மின்சாரக் கார்களின் வருகையோ இதை இன்னும் அவசரமாக்கியிருக்கிறது. 400 வோல்ட், சில வண்டிகளில் 800 வோல்ட் அளவில் இயங்கும் பேட்டரி அமைப்பில், மின் இணைப்பைத் துண்டித்து, மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்து உறுதி செய்த பிறகே ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொட வேண்டும். அந்த ஒழுங்கை, லைனின் அவசரத்துக்கு நடுவே யாரும் கற்றுக்கொடுக்க இயலாது.

எனவே, தொழிற்பழகுநர் சேர்க்கை குறித்த ஒவ்வொரு விளம்பரத்திலும், எந்தெந்தப் பிரிவுகளில் எத்தனை வாரங்கள் பயிற்சி, பயிற்சியாளருக்கு அதற்கென நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்ற விவரங்களை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். பயிற்சிக் குறிப்பேட்டில் மணிக்கணக்கும் கையொப்பமும் மட்டும் இருந்தால் போதாது. அந்த வாரம் அவர் கண்டறிந்த குறை எது, அதன் காரணம் எது என்பதும் அவர் கையெழுத்திலேயே இருக்க வேண்டும். இத்தகைய விளம்பரங்களைத் தொடர்ந்து வெளியிடும் தங்கள் நாளிதழ், இந்த விவரங்களையும் நிறுவனங்களிடம் கேட்டுப் பெற்று வெளியிட்டால், விண்ணப்பிக்கும் முன்பே இளைஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க முடியும்.

இப்படிக்கு,
முன்னாள் தொழிற்பழகுநர் ஒருவர்