ப்ரீசெட்டைப் பாதுகாக்காத புராசஸர்: ஒரு புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

பொருள்: ஒலிபரப்பு ஆடியோ புராசஸரில் ப்ரீசெட்கள் அழிவதும் மாறுவதும் தொடர்பாக

ஐயா,

ஒலிபரப்புக்கு முன் ஒலியைச் சீராக்கும் உங்கள் எஃப்.எம். ஆடியோ புராசஸரை எங்கள் வானொலி நிலையத்தில் பயன்படுத்தி வருகிறோம். அதன் ஒலித்தரத்தில் எங்களுக்குக் குறையே இல்லை. ப்ரீசெட்டை, அதாவது ஒலி அமைப்புகளின் தொகுப்பை, சேமிக்கும் முறைதான் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது.

எங்கள் ஒலிபரப்பில் பேச்சு அதிகம். அதனால் கருவியுடனேயே வரும் ஃபேக்டரி ப்ரீசெட்களில் மென்மையான ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திருத்தினேன். அறிவிப்பாளர் 'ச', 'ஸ' என்று உச்சரிக்கும் இடங்களில் ஒலி கரகரத்ததால் ஒலியின் உச்சங்களை வெட்டும் கிளிப்பர் வேலை செய்யும் அளவைக் குறைத்தேன். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அறையின் இரைச்சல் மேலெழுந்து வந்தது, ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் ஏ.ஜி.சி.யின் ரிலீஸ் வேகத்தை (ஒலி தாழும்போது அதை மீண்டும் உயர்த்தும் வேகத்தை) குறைத்ததும் அடங்கியது. ஹெட்போன், சிறிய ரேடியோ, கார் ஸ்பீக்கர் என மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் இந்த அளவுகளுக்கு வந்து சேர்ந்தேன். பிறகு, பழைய ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்க மூல ப்ரீசெட்டை ஒருமுறை அழைத்தேன். அவ்வளவுதான், செய்த திருத்தம் அத்தனையும் போய்விட்டது. 'சேமிக்கவா?' என்று ஒரு கேள்விகூட வரவில்லை. அதற்கு முன்பும், திருத்தம் நடந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் எதுவுமின்றித் திரையில் பழைய பெயரே இருந்தது.

காது சீக்கிரம் பழகிவிடும். கொஞ்ச நேரம் கேட்டாலே அதிகப்படியான பேஸ்கூட இயல்பாகத் தோன்றும். ஒப்பிட்டுக் கேட்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்ததற்காகவே செய்த வேலையை அழிக்கும் கருவியை ஒலிப் பொறியாளர் எப்படி நம்புவார்?

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. ஒலியின் தன்மை மட்டுமல்லாமல், வெளியீட்டு அளவும் ப்ரீ-எம்ஃபசிஸும் (ஒலிபரப்பும் முன் உயர் அதிர்வெண் ஒலிகளைத் தூக்கிவிடும் அமைப்பு) ப்ரீசெட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. எங்கள் பகுதியில் ப்ரீ-எம்ஃபசிஸுக்கு 50 மைக்ரோ வினாடிதான் முறை. இரவு நிகழ்ச்சிக்காக நேர அட்டவணையில் வைத்திருந்த உங்கள் ஃபேக்டரி ப்ரீசெட் அதை 75 ஆக மாற்றிவிட்டது. இதனால் 10 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகள் நேயர்களின் ரேடியோவில் 3 டெசிபலுக்கும் கூடுதலாகக் கீச்சிட்டன. வெளியீட்டு அளவும் உயர்ந்ததால் டீவியேஷன் (ஒலிபரப்பு அலையின் அதிர்வெண் விலகும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டியதை மானிட்டரில் கண்டு, உடனே கையால் மாற்றினோம். அந்த நேரத்தில் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால், உரிமம் வழங்கிய அமைப்புக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். டிரான்ஸ்மிட்டருக்கு உரிய அமைப்புகள் ப்ரீசெட்டில் இருக்கவே கூடாது.

உங்கள் ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு நாங்கள் சேமித்து வைத்திருந்த ப்ரீசெட்களையும் அழித்தது. உதவி மையத்தினர், "பேக்கப் எடுத்திருக்க வேண்டும்" என்கிறார்கள். கையேட்டின் புதுப்பிப்பு அத்தியாயத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, அடுத்த ஃபர்ம்வேரில் சேமிக்காத திருத்தத்துக்கு எச்சரிக்கை வர வேண்டும். மூலத்தையும் திருத்தியதையும் ஒரே பொத்தானில் மாற்றிக் கேட்கும் வசதி வேண்டும். வெளியீட்டு அளவையும் ப்ரீ-எம்ஃபசிஸையும் ப்ரீசெட்டிலிருந்து பிரித்துப் பூட்டிவைக்க வேண்டும். ப்ரீசெட்களை யூ.எஸ்.பி.யில் நகலெடுக்கவும் வழி செய்யுங்கள். அந்த ஃபர்ம்வேர் எப்போது வரும் என்பதைத் தேதியுடன் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதுவரை அட்டவணைப்படி ப்ரீசெட் மாறும் வசதியை நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம். பணம் கொடுத்து வாங்கிய வசதி அது.

இப்படிக்கு,
நிலையத்தின் ஒலிப் பொறியாளர்