மூக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை: மதிப்பாய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாடல் போர்ட்ஃபோலியோ (வேலை தேடும்போது காட்டும் பட ஆல்பம்) மதிப்பாய்வு அமர்வுகளை நடத்தும் குழுவினருக்கும், அவற்றில் நடுவர்களாக அமரும் மூத்த புகைப்படக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற அமர்வில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வரிசை ஏன் குலைந்தது, ஒருவருக்கு ஒதுக்கிய நேரம் ஏன் பாதியாகச் சுருங்கியது என்பதையெல்லாம் வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். அன்று ஒரு மேசையில் சொல்லப்பட்ட இரண்டு வாக்கியங்களைப் பற்றி மட்டுமே எழுத வந்திருக்கிறேன்.

ஓர் இளம் மாடலும் அவரைப் படமெடுத்த இளைஞரும் சேர்ந்து வந்திருந்தார்கள். ஆல்பத்தின் முதல் முகப் படத்தைப் பார்த்ததுமே உங்கள் நடுவர், “மூக்கு பெரிதாக இருக்கிறது. இந்தத் துறையில் கஷ்டம்தான்” என்றார். இன்னும் சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, “நிறமும் எடுபடவில்லை” என்று ஆல்பத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். படங்களை எடுத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு சொல் கூடப் பேசப்படவில்லை.

பின்பு அந்த ஆல்பத்தை வாங்கிப் பார்த்தேன். முகப் படம் அகலக்கோண லென்ஸில், கைக்கெட்டும் தூரத்தில் நின்று எடுக்கப்பட்டிருந்தது. அவ்வளவு அருகில் நின்றால் காதைவிட மூக்கின் நுனி லென்ஸுக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கும். அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் பதியும். ஐந்தாறு அடி பின்னால் போய் நின்றால் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். முகப் படங்களுக்கு 85 மி.மீ. முதல் 135 மி.மீ. வரையிலான நீண்ட லென்ஸ்களை நாம் எடுப்பதே, தள்ளி நின்றபடி ஃபிரேமை முகத்தால் நிரப்பத்தான். 2018-இல் முக அறுவை சிகிச்சைக்கான ஆய்விதழ் ஒன்றில் இதைக் கணக்கிட்டே காட்டியிருக்கிறார்கள்: 12 அங்குல தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கின் அடிப்பகுதி சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. தற்படங்களைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி மருத்துவர்களிடம் ஆட்கள் வரத் தொடங்கியதால்தான் அந்த ஆய்வே நடந்தது.

இத்தனை ஆண்டு அனுபவமுள்ள நடுவருக்கு இது தெரியாதா? நிச்சயம் தெரியும். “நான்கு அடி பின்னால் போங்கள், நீண்ட லென்ஸில் மறுபடி எடுங்கள்” என்று அந்த இளைஞரிடம் சொல்லியிருந்தால் போதும். அடுத்த படப்பிடிப்பிலேயே அவர் திருத்தியிருப்பார். தராசு கோணலாக இருக்கும்போது பொருளைக் குறை சொன்ன கதையாகிவிட்டது. எடுத்தவர் எதையும் கற்றுக்கொள்ளாமல் எழுந்து போனார். மாடலோ, தன்னால் திருத்திக்கொள்ள முடியாத ஒன்றைக் குற்றமாகச் சுமந்துகொண்டு போனார்.

‘நிறம் எடுபடவில்லை’ என்பதும் இதே வகைதான். காட்சியிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கும் மீட்டர், எதிரே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே பார்க்கும். வெள்ளைப் பின்னணியின் முன் கருத்த நிறமுள்ளவரை நிறுத்தி, மீட்டர் சொன்னபடியே எடுத்தால் பின்னணி சாம்பலாகிவிடும், முகம் இருளில் அமிழ்ந்துவிடும். அந்த ஆல்பத்தில் நடந்திருப்பதும் அதுதான். முகத்தின் மீது விழும் ஒளியைத் தனியே அளந்து, பின்னணிக்கு வேறு விளக்கு வைத்து, கன்னத்திலும் நெற்றியிலும் ஒளி படரும்படி ஒளியை மென்மையாக்கும் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தியிருந்தால் அந்த முகம் எப்படி எழுந்து வந்திருக்கும் என்பதை உங்களில் எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். நம் துறைக்கு இந்த விஷயத்தில் பழைய கடன் ஒன்றும் இருக்கிறது. படங்களை அச்சிடும்போது வண்ணத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’களில் பல பத்தாண்டுகள் வெள்ளை நிறப் பெண்களின் முகமே இருந்தது. பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990-களில்தான் வந்தது. வெளிர் தோலை அளவுகோலாக வைத்து வண்ணம் சரிபார்த்துப் பழகிய ஒரு துறையில் இருந்துகொண்டு, ஒளி அளவின் பிழையை ஒரு பெண்ணின் தோல் மீது ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: விமர்சனம் படத்தின் மீது இருக்கட்டும். மாற்ற முடிந்ததைச் சொல்லுங்கள், யார் மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘இது மாடலிங் துறை, உடலைப் பேசாமல் எப்படி?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நீங்கள் நடத்துவது ஆள் தேர்வு அல்ல. ஒரு குறிப்பிட்ட விளம்பரத்துக்கு ஆள் எடுப்பவர், வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்துகொள்ளட்டும். உயரமும் அளவுகளும், மாடலின் படங்களையும் விவரங்களையும் அச்சிட்ட அட்டையான காம்ப் கார்டின் பின்புறத்தில் எழுதியே இருக்கின்றன. மேக்கப் இல்லாமல், எளிய உடையில், நேர்முகமும் பக்கவாட்டுமாக எடுக்கும் சாதாரணப் படங்களையும் ஏஜென்சிகள் தனியே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. மதிப்பாய்வுக்கு வருபவர் கேட்பது வேறு: இந்த ஆல்பம் என்னைச் சரியாகக் காட்டுகிறதா, எதை நீக்கலாம், எதைச் சேர்க்கலாம்? ‘உங்கள் சிரிப்பும் இயல்பான உடல்மொழியும் வணிக விளம்பரங்களுக்கு நன்றாகப் பொருந்தும், இந்த ஆல்பத்தில் இருப்பதெல்லாம் ஃபேஷன் இதழ்ப் படங்கள்’ என்று ஒரு நடுவர் சொன்னால் அது உடலைப் பற்றிய பேச்சாகவும் இருக்கிறது, வழிகாட்டுவதாகவும் இருக்கிறது. அப்படிப்பட்ட பேச்சுக்கு யாரும் மனம் நோக மாட்டார்கள்.

உங்கள் குழுவிலேயே அப்படிப் பேசத் தெரிந்தவர் இருக்கிறார். அன்று கடைசி மேசையில் அமர்ந்திருந்த அம்மையாரின் மதிப்பாய்வை நான் பின்னால் நின்று கேட்டேன். ஆல்பத்தைத் திறப்பதற்கு முன்பே, “எந்த மாதிரி வேலைக்காக இதைத் தயாரித்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். ஒரு முறை முழுவதும் பேசாமல் பார்த்தார். இரண்டாம் முறை பார்க்கும்போது படங்களை மேசையில் பரப்பச் சொன்னார். பரப்பியதும் அந்த மாடலே கண்டுகொண்டார்: பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஒரே தலைச்சாய்வு, ஒரே அரைப் புன்னகை. வெவ்வேறு உடைகள், ஒரே ஆள், ஒரே மனநிலை. “உங்களுக்கு வேறு முகங்களும் தெரியும் என்பதற்கு இந்த ஆல்பத்தில் சாட்சி இல்லையே” என்றார் அம்மையார். பிறகு புகைப்படக் கலைஞரின் பக்கம் திரும்பி, இரண்டு முழு உருவப் படங்களில் ஃபிரேம் சரியாகக் கணுக்காலில் வெட்டுகிறது, மூட்டில் வெட்டினால் கால் துண்டானதுபோல் தோன்றும், கெண்டைக்காலின் நடுவிலோ பாதத்துக்குக் கீழே இடம் விட்டோ நிறுத்துங்கள் என்றார். ஒரு படத்தில் புறங்கை முழுதும் கேமராவைப் பார்த்திருந்தது. கையின் விளிம்பைத் திருப்பினால் விரல்கள் மெலிந்து நீண்டு தெரியும் என்று தன் கையாலேயே காட்டினார். ஆம், தன் கையால். அந்த மாடலைத் தொடவில்லை. கடைசியாக, ஏழெட்டுப் படங்களை ஒதுக்கிவிட்டு மிஞ்சியவற்றில் மிக வலுவானதை முதலிலும் அடுத்ததை இறுதியிலும் வைத்தார். புதிதாக ஒரு படம் கூட எடுக்காமல் ஆல்பம் வேறொன்றாகிவிட்டது. பாராட்டு என்று அவர் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை, ஆனாலும் இருவரும் முகம் மலர்ந்து எழுந்து போனார்கள்.

அந்த அம்மையாருக்கும் கிடைத்தது அதே நேரம்தான். ஆகவே நேரம் போதவில்லை என்ற பதிலை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

யார் மாற்ற வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போர்ட்ஃபோலியோ ஒருவரின் வேலை அன்று. பார்வை, உடல்மொழி, முகபாவங்களின் வகை ஆகியவை மாடலுடையவை. ஒளி, தூரம், வெட்டு, ஒளி அளவு ஆகியவை எடுத்தவருடையவை. மேக்கப், உடைத் தேர்வு, ரீடச் (எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவது) எல்லாவற்றுக்கும் தனித்தனியே பொறுப்பாளிகள் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் காசு கைமாறாமல், உழைப்புக்குப் பதில் படங்கள் என்ற உடன்பாட்டில்தான் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அந்த உடன்பாட்டில் எந்தப் படம் தேர்வாக வேண்டும், ரீடச்சில் தோலை எவ்வளவு வழவழப்பாக்க வேண்டும் என்பதில் மாடலின் சொல் பல நேரங்களில் எடுபடுவதில்லை. ஆனால் உங்கள் மேசையில் எல்லாக் குறைகளும் அவர் தலையிலேயே விழுகின்றன, முகம் அவருடையது என்பதற்காக.

தோல் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “இடுப்பைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், ரீடச் இருக்கவே இருக்கிறது” என்று ஒரு மேசையில் ஆலோசனை சொல்லப்பட்டது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடலின் உடலை மெலிதாக்கியோ பருமனாக்கியோ திருத்திய விளம்பரப் படங்களில் ‘திருத்தப்பட்ட படம்’ என்ற அறிவிப்பு இடம்பெற வேண்டும் என்பது சட்டம். ஒரு நாடு சட்டம் போட்டுத் தடுக்க நினைப்பதை நீங்கள் ஆலோசனையாக வழங்குகிறீர்கள். நடைமுறையிலும் இது அந்த மாடலுக்குக் கேடுதான். ஆல்பத்தில் ஓர் உடலும் நேரில் வேறோர் உடலுமாகத் தேர்வுக்குப் போய் நிற்பவர், வாசலிலேயே நம்பிக்கையை இழக்கிறார். துளைகளே இல்லாத மெழுகுத் தோலும் அப்படித்தான். தோல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தானே ஆல்பத்தைக் கேட்கிறார்கள்?

இதைவிடவும் என்னைக் கொதிக்க வைப்பது ‘இன்னும் கொஞ்சம் தைரியமான படங்கள் வேண்டும்’ என்ற வாசகம். அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் தாங்கள் மதிக்கும் ஒருவர் வாயிலிருந்து இதைக் கேட்கிறார்கள். மறுத்தால் தொழில் தெரியாதவர் என்று ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். நீச்சலுடைப் படமோ உள்ளாடை விளம்பரமோ அவர்கள் விரும்பித் தேடும் வேலையாக இருந்தால் அதற்கேற்ற படம் தேவைதான். அவர்கள் தேடாத வேலைக்கான படத்தை ஆல்பத்தின் குறையாகச் சொல்வதை நான் விமர்சனமாகக் கருத மாட்டேன். அதற்கு வேறு பெயர் உண்டு, அதை இந்த மடலில் எழுத விரும்பவில்லை.

குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: இந்த ஆல்பம் எந்த வேலைக்கானது, எதைப் பற்றிக் கருத்து வேண்டும்? அதை நடுவர் படித்துவிட்டுத் தொடங்கட்டும். நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த விமர்சன முறை ஒன்று பல கலைகளில் கையாளப்படுகிறது. பார்த்தவர்கள் முதலில் தங்களைத் தொட்டது எது என்று சொல்கிறார்கள். அடுத்து படைத்தவர் கேள்வி கேட்கிறார். பிறகு பார்த்தவர்கள் தங்கள் கருத்தைத் திணிக்காத கேள்விகளைக் கேட்கிறார்கள். கருத்து கடைசியில்தான் வருகிறது, அதுவும் படைத்தவர் சம்மதித்த பிறகு. அதை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. கேள்விக்குப் பிறகு கருத்து என்ற அந்த ஒழுங்கை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

ஆல்பத்தோடு வருபவர்களுக்கும் கடமை இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பின்கதை சொல்லி, ‘அன்று மழை, அதனால்தான்’ என்று நடுவரின் வாயை அடைப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்க்கப் போகும் ஏஜென்சிக்கு அந்த மழை தெரியாது. வெறும் ‘அருமை’க்காக வருபவர்களும் உண்டு, அவர்களுக்கு அதையே சொல்லி அனுப்பிவிடுவது நடுவருக்கு எளிது, ஆனால் அதனால் யாருக்கும் பயனில்லை. கடுமையாகவே சொல்லுங்கள். ஒளி தவறு, வெட்டு தவறு, பத்தில் எட்டுப் படம் தேறாது என்றால் அப்படியே சொல்லுங்கள். கடுமையைத் தாங்க எங்களால் முடியும். அது படத்தின் மீது இருக்கட்டும் என்றுதான் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த அமர்வுக்கான பதிவைத் திறப்பதற்கு முன், நடுவர்களுக்கு எழுத்து வடிவில் ஒரு நெறிமுறை தாருங்கள்: உடல் உறுப்பையும் நிறத்தையும் குறையாகச் சொல்லக் கூடாது, அனுமதியின்றித் தொடக் கூடாது, சொல்லும் குறை யாருடைய வேலையைச் சேர்ந்தது என்று குறிப்பிட வேண்டும். பதிவு செய்பவர்களுக்கும் அதன் பிரதி கிடைக்க வேண்டும். அந்த மாடலையும் அவருடன் வந்த இளைஞரையும் மீண்டும் அழைத்து, கட்டணமின்றி, அந்தக் கடைசி மேசை அம்மையாரின் முன் அமர வைக்க வேண்டுகிறேன். இருவரும் வரத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

மரியாதையுடன்,
அமர்வுகளுக்குத் தொடர்ந்து வரும் ஒரு புகைப்படக் கலைஞர்