அய்யனார் கோயில் கண்மாய்த் திருப்பணி: ஊர்க் கூட்டத்துக்குக் கமிட்டியின் நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வேலை ஆனிக் கடைசியில் முடிந்தது. கோயிலுக்கு வெள்ளை, கிழக்கு மடைக்குப் புது ஷட்டர், கலுங்குப் பூச்சு, கரையிலிருந்த சீமைக்கருவேலம் வேரோடு அகற்றியது எல்லாம் பேசிய தொகைக்குள் அடங்கின. அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பது கண்மாய்க்குள் இருக்கும் இரண்டு மண்திட்டைப் பற்றித்தான். அதை அள்ளாமல் ஏன் விட்டோம், 21,600 ரூபாய் ஏன் கூடியது என்று.

கரம்பை (கண்மாய் வண்டல்) அள்ளும்போது இரண்டு திட்டும் அதிலுள்ள நாட்டுக்கருவேலமும் அப்படியே நிற்க வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் முதல் நாளே சொன்னோம். எழுதி வாங்கவில்லை. அது எங்கள் தப்பு. திட்டு மண் அவருக்கு நடைக்கணக்கில் லாபம். நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்குத் திட்டில் பாதி டிப்பரில் ஏறிவிட்டது. ஓடிப்போய் மறித்தோம். "முள்ளுன்னா முள்ளு, இதுல நாடு என்ன சீமை என்ன" என்றார். மூன்று நாள் ஜேசிபி சும்மா நின்றது. நின்ற நேரத்துக்கும் மணிக்கு 1,200 வேண்டும் என்றார். இரண்டு நாளைக்கு 18 மணி நேரம் என்று பேசி முடித்தோம். மூன்றாம் நாள் வாடகையை விட்டுக்கொடுத்தார். அதையும் சொல்லிவிடுகிறோம்.

சரி, திட்டு எதற்கு? அதிலுள்ள மரத்தில் பறவை கூடு கட்டத்தான். பறவை வந்தால் மீன்பாசி ஏலம் (கண்மாய் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) படுத்துவிடும் என்கிறார்கள். நீர்க்காகம் முங்கி மீன் பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் கூடு கட்டுவதில் பெரும்பகுதி நத்தைகுத்தி நாரை. அதன் அலகு நடுவே இடைவெளி விட்டிருப்பதே நத்தைக்குத்தான். கொக்கு கரையோரத் தண்ணீரில் நிற்கும், அதற்கு ஆழம் ஆகாது. உண்ணிக்கொக்கு மாட்டுக்குப் பின்னாலேயே போய் வெட்டுக்கிளி பொறுக்கும். இதெல்லாம் அடையும் நேரத்தில்தான் வக்கா என்ற இராக்கொக்கு இரைக்குக் கிளம்பும். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட். ஒரே மரத்தில் உச்சியில் நாரை, அதற்குக் கீழே நீர்க்காகம், உள்கிளையில் வக்கா. நம் தெருவில் ஒரு குழாயடிக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

எச்சம் தண்ணீரில் விழுகிறது. அதில் பாசி வளர்கிறது, மீன்குஞ்சுக்கு அது தீனி. அதே தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகிறது. வேடந்தாங்கல் விவசாயிகள் இதை 200 வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டு, பறவைகளைச் சுடக் கூடாது என்று வெள்ளைக்காரக் கலெக்டரிடம் போய் நின்றவர்கள். நம் மாவட்டத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நாம் வெடியை நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டு திட்டைத்தான் விட்டோம்.

மேற்குக் கரையோரக் கோரையைச் செதுக்காததற்கும் திட்டு வாங்கினோம். விரால் ஜோடி பார்ப்பைக் காவல் காப்பது அந்தக் கோரைக்குள்தான். விரால் குழம்பு வேண்டும், கோரை வேண்டாம் என்றால் எப்படி?

நன்கொடை தந்தவர்கள்: மேலத்தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, பால் சொசைட்டி, சிங்கப்பூரிலுள்ள நாட்டாமை வீட்டுப் பேரன்மார், கீழத்தெரு மகளிர் குழுக்கள் ஐந்தும், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர்கள், டீக்கடை உண்டியல், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பெயர் போட வேண்டாமென்று சொன்ன மூவர். ஜேசிபிக்குக் கூடுதலாகப் போனதில் 10,000 கமிட்டியார் கைக்காசு. அதைத் திருப்பிக் கேட்கவில்லை, கேள்வி கேட்பதையாவது கொஞ்சம் நிறுத்துங்கள்.

கணக்கு நோட்டும் ரசீதும் பூசாரி வீட்டில் இருக்கின்றன, ஞாயிறு காலை பார்க்கலாம். இடிந்த திட்டை மறுபடி அணைத்து, 12 நாட்டுக்கருவேலங்கன்று வைத்து முள் கட்டியிருக்கிறோம். தண்ணீர் வந்து சூழும்வரை ஆட்டை அந்தப் பக்கம் விட வேண்டாம். போன வாரம் இரண்டு கன்று போய்விட்டது. யார் வீட்டு ஆடு என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டியார்