கூச்சல் போட்டால் பனி சரியாது

ஆசிரியருக்கு,

சுவிஸில் பனிச்சரிவு என்றாலே "இயற்கையின் சீற்றம்" என்று தலைப்புப் போட்டு முடித்துவிடுகிறீர்கள். போன கிழமைச் செய்தியில், உரத்துக் கத்தினால்கூடப் பனி சரியும் என்று ஒரு வரி வேறு. அது பிழை. மனிதர் போடும் கூச்சலுக்குப் பனி சரிவதில்லை. மலையில் ஸ்கீ ஓடப்போய் அகப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில், தாங்களோ கூடப் போனவர்களோ ஏறிய பாரத்தில் உடைந்த பனியில்தான் அகப்படுகிறார்கள்.

வெள்ளவத்தையில் இருக்கிற ஆளுக்கு என்ன பனிக்கதை என்று கேட்பீர்கள். எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுக்குச் சூரிச்சிலோ பேர்னிலோ ஒரு பேரப்பிள்ளை இருக்கிறது. அங்கே பிறந்ததுகள் சின்ன வயதிலேயே ஸ்கீ பழகி, பிறகு காவலுள்ள ஓடுபாதை அலுத்துப்போய், யாரும் மிதிக்காத சரிவைத் தேடிப் போகிறார்கள். என் அக்காவின் பேரன் அதில் ஒருவன். அவன் அனுப்பிய வீடியோவில் ஸ்கீ நுனியிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பி முன்னால் கோடாக ஓடுகிறது, கூடவே காலுக்கடியில் 'வும்' என்று ஒரு அமுங்கிய சத்தம். அத்தோடு திரும்பிவிட்டார்களாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தான், நானும் சொல்லவில்லை.

அந்தச் சத்தம்தான் விஷயம். மேலே இறுகிய பனி, அதற்கடியில் சீனி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத ஒரு படை. பாரம் ஏறினால் அடியிலுள்ள படை நொறுங்கும், சரிவு 30 பாகைக்கு மேல் என்றால் மேல்படை பலகையாகக் கழன்று ஆளையும் கொண்டு போகும். பக்கத்து மலையில் புதிதாகச் சரிந்த தடம், காற்று அள்ளிக் குவித்த பனி, திடீர் வெக்கை, இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள்.

சுவிஸின் டாவோஸ் நகரில் உள்ள பனி ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் அபாய நிலையை 1 முதல் 5 வரை அறிவிக்கிறது. 3 என்றால் நடுத்தரம்தானே, பரவாயில்லை என்று பொடியன்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அங்கே பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறையப் பாதி 3 அறிவித்த நாட்களில்தான் நடக்கிறது. 5 அறிவித்த நாளில் யார் மலைக்குப் போகிறார்கள்?

புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல நம்பிக்கை, ஹெலிகொப்டர் அதற்குள் வருவது அரிது. அதனால் புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, சவள் மூன்றும் ஒவ்வொருவர் முதுகிலும் இருக்க வேண்டும். "சாப்பிட்டியா" என்று கேட்கிற நாங்கள், இன்றைக்கு எத்தனையாம் நிலை என்றும் போனில் கேட்கலாம்.

பதுளை, நுவரெலியா மண்சரிவு எச்சரிக்கையை மாவட்டம், நிலை என்று பிரித்து ஒழுங்காகப் போடுகிறீர்கள். அதேபோல இந்த ஐந்து நிலைகளையும் டிசம்பருக்கு முன் ஒருமுறை தமிழில் விளக்கிப் போடுங்கள். முன்பக்கம் வேண்டாம், ஞாயிறு இதழில் ஒரு மூலை போதும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்