இரண்டு குடம் நல்ல தண்ணீருக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

கடலில் போன என் கள ஆய்வு நோட்டு கிடைத்துவிட்டது. பாதிப் பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், மீதிப் பேரிடம் பேச ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில், முயல் தீவுக்குப் பக்கத்தில் அன்றைக்கு நடந்த படகு விபத்தை மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களில் சிலர் அந்த வத்தையிலேயே இருந்தீர்கள், மற்றவர்களுக்கு மறுநாள் காலைக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும் என்று எல்லாரும் சொன்னீர்கள். சரிதான். ஆனால் எல்லாரும் பத்திரம் என்று தெரிந்த பத்தாவது நிமிடத்திலிருந்து எனக்கு அந்த நோட்டின் நினைப்புதான், அதை வெளியே சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

பதினொரு மாதம். சிங்கில், குருசடை, புள்ளிவாசல், மனோலி, முயல் என்று ஐந்து தீவு. ஒவ்வொரு தீவிலும் கரை மேட்டிலிருந்து வத்தத்தில் கடல் வற்றி நிற்கும் ஓரம் வரை கயிறு பிடித்து, அரை மீட்டர் சதுரச் சட்டத்தைக் கயிற்றோரமாக வைத்து வைத்து, உள்ளே இருக்கும் நத்தைகளை எண்ணி எழுதியது. உயிருள்ளது ஒரு பத்தி, செத்த ஓடு ஒரு பத்தி, ஓட்டுக்குள் துறவி நண்டு குடியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு பத்தி. போன ஆடி மாதத்துக் கணக்கை இந்த ஆடியில் போய் எண்ண முடியாது இல்லையா, போனால் போனதுதான். "திரும்ப எடுத்துக்கலாம் விடு" என்று ஆறுதல் சொன்ன அத்தனை பேர் மீதும் எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது, மன்னித்துவிடுங்கள்.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. அன்று ராத்திரியே டார்ச்சோடு கரை நெடுகத் தேடிய வத்தைக்காரர்களுக்கு, மறுநாள் தங்கள் ரோந்தோடு சேர்த்து மனோலிப் பக்கமும் ஒரு கண் வைத்த வனக் காவலர்களுக்கு, செல்போனை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்து அது உயிர் பிழைக்காது என்று தெரிந்தும் மூன்று நாள் எனக்குச் சொல்லாமல் இருந்த டீக்கடை அண்ணனுக்கு, பழைய படங்களைத் தோண்டி எடுத்து அனுப்பிய ஆய்வகத்து ஆட்களுக்கு, திட்டாமல் இருந்த நெறியாளருக்கு, ஒரு வார்த்தையும் கேட்காமல் கருவாட்டுக் குழம்பு வைத்துப் போட்ட அம்மாவுக்கு. பெயர் போடாதே என்று சொன்னவர்கள் பாதி, கேட்க மறந்தது பாதி, அதனால் ஒருவர் பெயரையும் போடவில்லை. தண்ணீர் புகவே புகாது என்று சத்தியம் செய்து எனக்கு ஒரு பையை விற்ற கடைக்காரருக்கும் வணக்கம், அவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

அப்புறம் அக்கா.

அக்கா என்கிறேன், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். பாம்பன் தீவின் ஒரு குப்பத்தில் இருக்கிறார். கடல்பாசி எடுப்பது வேலை. விரலுக்கெல்லாம் துணியைச் சுற்றிக்கொண்டு, மரிக்கொழுந்துப் பாசிக்கும் கட்டைக்கோரைப் பாசிக்கும் முங்கி முங்கி எழும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்களில் ஒருவர். மாதத்தில் பன்னிரண்டு நாள் போலத்தான் அவருக்குக் கடல் வேலை, அமாவாசை பௌர்ணமியைப் பார்த்துத்தான் போவார். எனக்கும் அதே கணக்கு. ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராத கடல் இது, உள்ளதில் நன்றாக வற்றும் நாளாகப் பார்த்துப் போனால்தான் கல் தெரியும். ஆக நாங்கள் இரண்டு பேரும் பதினொரு மாதமாக ஒரே நாட்காட்டியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறோம், தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தும் இருப்போம், ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாசிக்குள் சிக்கிக் கிடந்திருக்கிறது நோட்டு. ஆறாம் நாள். எடுத்துக்கொண்டு போனார், சரி, அது யாரும் செய்வது. வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்பதுதான் என்னால் இன்னும் நம்ப முடியாதது.

கடல் தண்ணீரில் நனைந்த தாளை அப்படியே காய வைத்தால் காயவே காயாது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காய்ந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் தொட்டால் பிசுபிசுக்கும், ஒரு வாரத்தில் ஒட்டிப் பூசணம் பிடித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டுத்தான் காய வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். அக்கா படிக்கவில்லை, ஆனால் உப்புப் பட்ட துணி காயாது என்பது அவருக்கு ஆயுசு முழுக்கத் தெரியும். அதனால் இரண்டு குடம் நல்ல தண்ணீரை ஒரு அகலமான அலுமினியச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நோட்டைக் கட்டாகவே வைத்து, பிரிக்காமல், நான்கு முறை அலசியிருக்கிறார். அந்தக் குப்பத்தில் நல்ல தண்ணீர் குழாயில் வருவதில்லை, வண்டியில் வரும், குடத்துக்குக் காசு. இரண்டு குடம் என்றால் அவர் வீட்டுக்கு ஒரு நாள் சமையலும் குடியும். அன்றைக்கு அவர்கள் என்ன குடித்தார்கள் என்று கேட்டேன், "பக்கத்து வீட்டுல வாங்குனேன்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

ஈரம் வடிந்த பிறகு ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நிழலில், ஓலைப்பாயில். வெயிலில் போட்டால் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு பாரம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பாய்கள் இன்னும் விரித்துத்தான் இருந்தன. திண்ணை, முற்றம், உள் அறை, எங்கும் என் கையெழுத்து. ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு சங்கோ சோவியோ (சோழி) உட்கார்ந்திருந்தது. முதலில் அழகாக இருக்கிறதே என்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஐவிரல் சங்கு வரைந்திருந்த தாளின் மேல் ஐவிரல் சங்கு. குதிரைமுள்ளி வரைந்த தாளில் குதிரைமுள்ளி. யானைமுள்ளிக்கு யானைமுள்ளி. அக்காவுக்கு நம்பர் தெரியும், எழுத்து தெரியாது. மூலையில் நான் போட்டிருந்த பக்க எண்ணை வைத்து வரிசைப்படுத்திவிட்டு, படம் இருக்கிற இடத்திலெல்லாம் அதற்கு அதையே தேடி வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார். "சும்மாதான். ஒத்துப்போகுதான்னு பாத்தேன்."

(சட்டம் தெரிந்தவர்கள் பதற வேண்டாம். 2001-இல் பாதுகாக்கப்பட்ட சங்குகளின் பட்டியல் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, அவர் மாமியார் காலத்திலிருந்து முற்றத்து மூலையில் கிடக்கிற பழைய ஓடுகள் அவை. நிறம்கூட வெளுத்துப்போயிருந்தது.)

ஒரு தாளில் மட்டும் சங்கு இல்லை, ஒரு செங்கல் துண்டு இருந்தது. கரையில் ஒதுங்கியிருந்த ஒரு செத்த சங்கை நான் வரைந்த தாள் அது. "அது ஏங்கா, உங்ககிட்ட சங்கு இல்லையா?" என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வலம்புரி கெடைச்சிருக்கு, சொல்லவே இல்லையே பாப்பா. கோடீஸ்வரி ஆயிட்டு இன்னும் ஓட்டைச் செருப்புப் போட்டுக்கிட்டு அலையிற?"

அவசரத்தில் படத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரட்டி வரைந்திருக்கிறேன். விலங்கியலில் இத்தனை வருஷம். எங்கள் பாடத்தில் சுருள் முனையை மேலே பிடித்து, வாய் வலப்பக்கம் திறந்தால் வலச்சுழி என்போம், அநேகமாக எல்லா நத்தையும் அப்படித்தான். நம் ஊரில் அதே சங்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதால் அதுவே இடம்புரி ஆகிவிடுகிறது, எங்கள் இடச்சுழி இவர்களுக்கு வலம்புரி. ஒன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நானே இதைச் சொல்லிக் குழப்பியிருக்கிறேன். நெறியாளர் பார்த்த பக்கம் அது, நான் நான்கு முறை புரட்டிய பக்கம். கண்டுபிடித்தது அக்கா. அந்தப் படத்துக்குப் பொருத்தமான சங்கு தன்னிடம் இல்லை, தான் பார்த்ததும் இல்லை, அதனால் நேர்மையாகச் செங்கல் வைத்திருக்கிறார்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தேன். தாளை எடுத்து அடுக்கும்போது அவர் ஒரு பத்தியைக் காட்டி, "இது ஏன் பூரா கோடாவே இருக்கு?" என்று கேட்டார். உள்ளூர்ப் பெயர் என்கிற பத்தி அது. படிவத்தில் இருக்கிறதே என்று போட்டுவைத்தது, பதினொரு மாதமாக அதில் சிறு கோடு கிழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். உட்கார்ந்து சொல்லச் சொன்னேன். சோவி. புறாமுட்டைச் சங்கு. ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு கரை ஒதுங்குகிற சங்கின் முட்டைப்பைக்குச் சங்குப்பூ. சொல்லிக்கொண்டே போனார், சிலதுக்குப் பெயரே இல்லை. பாறையின் உச்சியில், அலைத் தூவானம் மட்டும் படுகிற இடத்தில், மிளகு மாதிரி அப்பிக்கொண்டிருக்குமே ஒரு சின்ன நத்தை, நான் ஆயிரக்கணக்கில் எண்ணியது, அதற்கு என்ன பெயர் என்றால், "அதுக்குப் பேரு எதுக்கு? அதை யாரு திங்கிறா?"

ஆனால் பெயரைவிடப் பெரிய விஷயம் ஒன்று சொன்னார். சோவி கல்லுக்கு அடியில் முட்டையிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும், அந்தக் கல்லைப் புரட்டினால் திருப்பி அதே மாதிரி வைக்க வேண்டும், வைக்காமல் போனால் மறுநாள் மீன் தின்றுவிடும் என்றார். இது எங்கள் முறைகளிலும் இருக்கிறது, புரட்டிய கல்லைப் பழையபடி வைக்கவும் என்று. நான் வைத்தேன். எப்போதும் வைத்தேனா? கடைசி அரை மணி நேரத்தில், ஏற்றம் ஏறிக்கொண்டிருக்கும்போது, வத்தையிலிருந்து கத்திக் கூப்பிடும்போது, எல்லாக் கல்லையும் வைத்தேனா? அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாங்கள் எண்ணுவது எதற்கு என்று சில பேர் கேட்பீர்கள், என் சித்தப்பா வாராவாரம் கேட்கிறார். மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று எல்லாரும் எழுதுகிறோம். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன, பவளப் பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். முங்கிப்போன கரையில் இனிமேல் போய்க் கயிறு பிடிக்க முடியாது. 1927-இல் சென்னை அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களைத் தொகுத்து வெளியிட்டதால்தான் அன்றைக்கு அங்கே என்ன இருந்தது என்று இன்று கொஞ்சமாவது சொல்ல முடிகிறது. என் நோட்டு அந்த அளவுக்கெல்லாம் இல்லை, தெரியும். ஆனால் அந்த ஐந்து கரையில் அந்தப் பதினொரு மாதம் என்ன இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சிக்கு இரண்டு குடம் தண்ணீர் கொடுத்தவர் அக்கா.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. கோபித்துக்கொண்டார். அப்புறம் அடுத்த நாள் தண்ணீர் வண்டி வரும் நேரம் பார்த்துப் போய், வரிசையில் நின்று, இரண்டு குடம் பிடித்து, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாக அவர் வீடு வரை தூக்கிக்கொண்டு போனேன். பாதி வழியில் சிந்தி, என் முழங்கால் வரை நனைந்து, போய்ச் சேர்ந்தது ஒன்றரைக் குடம்தான். குப்பமே சிரித்தது. மீதி அரைக் குடம் கடனாக இருக்கிறது என்று அக்கா கணக்கு வைத்திருக்கிறார், அதை அடைக்க எனக்கும் அவசரம் இல்லை.

இனிமேல் ஒவ்வொரு நாளும் கரை ஏறியதும், குளிப்பதற்கு முன்னால், எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்புவேன். இதை எழுதிவைக்கிறேன், நான் மீறினால் யாராவது கேளுங்கள். பென்சிலில் மட்டும்தான் எழுதுவேன். முதல் பதினெட்டுப் பக்கம் ஜெல் பேனாவில் எழுதியது, அவை இப்போது வெறும் நீலக் கறை. பென்சிலில் எழுதிய ஒரு எழுத்துகூடக் கரையவில்லை. உள்ளூர்ப் பெயர் பத்தியில் இனி கோடு இல்லை, பெயர் இல்லாத நத்தைக்கு "பேரு இல்ல, திங்கிறதில்ல" என்றே எழுதப்போகிறேன், நெறியாளர் அடித்தால் அடிக்கட்டும். ஆய்வேடு முடிந்ததும் நோட்டின் ஒரு படி அக்கா வீட்டுக்குப் போகும், படங்களை மட்டுமாவது பெரிதாக அச்சடித்து. சங்கைச் சரியாக வரைந்து.

கடைசியாக ஒன்று. பக்கம் 41 மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. சிங்கில் தீவு, மூன்றாம் கயிறு, பென்சில் எழுத்து, வலது ஓரத்தில் ஒரு கூம்புச் சங்கின் படம் இருக்கும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் யார் வலையிலாவது பாசியிலாவது வந்தால், இழுத்துப் பிரிக்காமல் அப்படியே எடுத்துவையுங்கள். அலசிக் காய வைக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார். தண்ணீர் நான் கொண்டுவருகிறேன்.